கடைசியில் நின்ற ‘கூடாது’

“ஜனங்க எதையுமே படிக்கிறதில்லைக்கா” என்று மகேஸ்வரி போனில் சொன்னதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. மகேஸ்வரி என்னிடம் வேலை பழகியவள். இப்போது விராலிமலைப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில், நான் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை வாட்ஸ்அப்பில் ஒரே படமாக அனுப்புகிறார்களாம். அனுப்பினாலும் யாரும் படிப்பதில்லை என்பதுதான் அவளுடைய புகார்.

மாதிரிக்கு அந்தப் படத்தை எனக்கும் அனுப்பியிருந்தாள். பின்னணியில் சூரியகாந்தித் தோட்டம். அதன் மேல் மஞ்சளில் எழுத்து. அந்த எழுத்தும் கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை எழுதுவது போல வளைசலும் நெளிசலுமாக இருந்தது. எது புள்ளி, எது பூவின் விதை என்று தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி வரி திரைக்கு வெளியே ஓடிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஊரார் கண்ணைச் சோதித்த எனக்கே இந்தக் கதி.

“இதைப் படிக்காம போனை மூடி வைக்கிறவங்கதான் புத்திசாலி மகேசு” என்றேன்.

அவள் சிரித்தாள். “நீங்க ஒரு தடவை சொன்னீங்கள்ல, கீரமங்கலத்து அம்மா கதை? அதை எழுதிக் குடுங்கக்கா. புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்குப் படிக்கக் குடுக்கிறேன்.”

எழுதுகிறேன். ஆனால் அது கதை இல்லை என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடு. இதில் பொறுமையாக, பக்குவமாக எதுவும் இருக்காது என்பதையும் சொல்லிவிடு. ஓய்வு பெற்றால் கோபம் தணிந்துவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

நான் படித்தது மதுரையில், கண் பரிசோதனைக்கான இரண்டு வருட டிப்ளமோ. அந்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லென்ஸ் துடைக்கவும் ஹாஸ்டல் சாம்பாரைச் சகிக்கவும் கற்றுக்கொண்டேன். முடித்த கையோடு புதுக்கோட்டையில் ஒரு தர்ம மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நல்லது நிறைய நடந்தது, இப்போதும் நடக்கிறது. திருக்கோகர்ணத்தில் வீடு. டவுன் பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் வேலையில் இருப்பேன். ஓய்வு பெறும் வரை வேறு எங்கும் போகவில்லை.

என் அறை நீளம் போதாத அறை. எழுத்துப் பலகையை நோயாளியின் தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதில் தெரிவதைப் படிக்கச் சொல்வோம். அதற்காகவே பலகையில் எழுத்துகள் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கும். மூக்கின் மேல் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகச் செருகி, “இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?” என்று கேட்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் மரியாதைக்காரர்கள். “ரெண்டும் நல்லாத்தாங்க இருக்கு, நீங்க பாத்து எதைக் குடுத்தாலும் சரி” என்பார்கள். கடை வைத்திருக்கிறவளிடம் துணி எடுக்க வந்த மாதிரி ஒரு பணிவு. அதைத் தாண்டி உண்மையை வாங்குவதுதான் என் தொழில்.

தூரத்துப் பலகையை விட எனக்குப் பிடித்தது கிட்டத்தில் படிக்கிற அட்டை. ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிக்க வேண்டும். மேலே பெரிய எழுத்தில் ஒரு பத்தி, அடுத்தது கொஞ்சம் சிறிதாக, அதற்கடுத்தது இன்னும் சிறிதாக என்று இறங்கிக்கொண்டே போகும். எங்கள் அட்டையில், ஆடு வாங்கச் சந்தைக்குப் போனவர் குடையை மறந்து வைத்துவிட்டு வந்த விஷயம் ஒன்று இருந்தது. ஒருமுறை ஒரு டெய்லர் வந்தார். கடைசிப் பத்தியை, பொடி எழுத்தை, ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டார். பவர் சரியாக இருக்கிறது என்று எழுதப் போனவள், என்னவோ தோன்றி, “அண்ணே, என்ன விஷயம் அதுல?” என்று கேட்டேன்.

விழித்தார். “என்னம்மா விஷயம்? படிச்சேன்ல?”

“படிச்சீங்க. என்ன நடந்துச்சுன்னு அதுல போட்டிருக்கு?”

“அது... யாரோ சந்தைக்குப் போறாங்க” என்றார். அதற்கு மேல் வரவில்லை. லென்ஸை ஒரு படி கூட்டி, அதே விஷயம் பெரிய எழுத்தில் இருக்கும் பத்தியைக் காட்டினேன். படித்துக்கொண்டே வந்தவர் நடுவிலேயே சிரித்துவிட்டார். “குடையை விட்டுட்டு வந்துட்டானா? அப்ப ஆட்டுக்குத் துண்டைத்தான் போத்தணும்” என்றார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது என் தொழிலையே மாற்றியது. எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே மனதின் முழுப் பலமும் போய்விட்டால், அர்த்தத்தைப் பிடிக்க மிச்சம் ஒன்றும் இருக்காது. வாய் வாசித்துக்கொண்டு போகும், உள்ளே ஒன்றும் ஏறாது. அதற்குப் பிறகு யார் அட்டையைப் படித்தாலும் நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை. பரிசோதனைக்கு நேரம் கூடுகிறது என்று புகார் போனது. பெரிய டாக்டர் கூப்பிட்டு, “நாம பாக்கிறது கண்ணு. பரீட்சை இல்லைம்மா” என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து, மறுபடியும் கேட்டேன்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை வில்லனாக நினைத்துவிட வேண்டாம். கை சுத்தம், மனசும் சுத்தம். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கூலி வேலை பார்க்கிறவர்களையும் ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசுவார். ஆபரேஷன் தியேட்டரில் அவர் லென்ஸைப் பொருத்துவதைப் பார்த்தால், நமக்கே மூச்சு விட மறந்துபோகும். அவருக்கு எல்லாமே அழகாக இருக்க வேண்டும். ‘அழகு’ என்பதுதான் அவர் வாயில் அதிகம் வரும் சொல். வார்டில் கட்டில்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், மேசையில் பேனாக்கள் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். கண்ணில் வெட்டிய இடம் தெரியாமல் ஆறியிருந்தால், டார்ச்சை அணைத்துவிட்டு, “அழகு” என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அந்த அழகு ஒரு தாளில் வந்து இறங்கிய போதுதான் வினை பிடித்தது.

அதுவரை புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களை வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்து, வார்டு சிஸ்டர் வாயாலேயே சொல்லுவார். “கண்ணுல தண்ணி படக் கூடாது. என்ன சொன்னேன்? சொல்லுங்க.” எல்லாரும் சேர்ந்து, “தண்ணி படக் கூடாது” என்பார்கள். “கண்ணைக் கசக்கக் கூடாது. எங்கே?” மறுபடியும் கோரஸ். கூட வந்தவர்களும் சேர்ந்து சொல்வார்கள். இரைச்சல்தான். ஆனால் மறக்காது. டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. எலிமென்டரி ஸ்கூல் மாதிரி இருக்கிறது என்றார். ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வரும்போது, வழுவழுப்பான தாளில் அச்சான ஆங்கில அறிவுரைத் தாள் ஒன்றைக் கொண்டு வந்தார். அதே மாதிரி தமிழில் வேண்டும் என்று வெளியூரில் ஒரு டிசைன்காரரிடம் கொடுத்துவிட்டார்.

ஆங்கிலத் தாளில் ஒவ்வொரு அறிவுரைக்கும் முதல் வரி பெரிதாகச் சிவப்பில் இருந்தது. அதற்குக் கீழே விளக்கம் சிறிதாகச் சாம்பல் நிறத்தில். ‘டூ நாட் வாஷ்’ என்பது கொட்டை எழுத்தில். எதை, எத்தனை நாளைக்கு என்பது பொடி எழுத்தில். அது சரிதான். ஆங்கிலத்தில் ‘செய்யாதே’ என்பது வாக்கியத்தின் தலையில் நிற்கும். பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாலும் ஆபத்தில்லை.

தமிழ்த் தாள் வந்தது. அதே அளவு, அதே சிவப்பு, அதே சாம்பல். பெரிய சிவப்பு எழுத்தில் ‘மருந்து விடுதல்’ என்று இருந்தது. அதற்குக் கீழே பொடியாக, ‘வேளை தவறாமல் அவசியம்’. அடுத்து பெரிதாக, ‘கறுப்புக் கண்ணாடி அணிதல்’. கீழே பொடியாக, ‘வெளியில் செல்லும்போது அவசியம்’. அடுத்து, அதே பெரிய சிவப்பில், ‘கண்ணைக் கழுவுதல்’. கீழே பொடியாக, சாம்பலாக, ‘ஒரு மாதம் வரை கூடாது’.

நம் மொழியில் ‘கூடாது’ கடைசியில்தான் வரும். ‘செய்யணும்’ என்பதும் கடைசியில்தான். வாக்கியம் முழுவதும் காத்திருந்து, கடைசிச் சொல்லில்தான் உத்தரவு வெளியே வரும். உயிரைக் காக்கிற அந்தச் சொல்லைப் பிடித்து, பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில், பளபளக்கும் தாளில் ஒளித்து வைத்துவிட்டார்கள். போதாததற்கு அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு பெரிய கண்ணின் படம் நிழலாக ஓடியது. ‘கூடாது’ சரியாக அந்தக் கண்ணின் இமை மயிருக்குள் போய் விழுந்திருந்தது.

அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். ஒரு கண்ணில் அப்போதுதான் லென்ஸ் வைத்திருக்கிறோம். அந்தக் கண்ணுக்குத் தூரம் தெரியும், கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியை ஒரு மாதம் கழித்துத்தான் கொடுப்போம். மற்றக் கண்ணிலோ இன்னும் புரை. ஆக, இன்றைக்கு இவர்களால் பொடி எழுத்து படிக்க முடியாது என்று எங்களுக்கே நன்றாகத் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, பொடி எழுத்தைக் கையில் கொடுத்தோம்.

தாள் வந்த அன்றைக்கே சொன்னேன். “சார், தமிழ்ல ‘கூடாது’ கடைசியில வருது சார். அதைத்தான் நாம சின்னதாப் போட்டிருக்கோம். மேல இருக்கிறதை மட்டும் படிச்சா எல்லாத்தையும் செய்யச் சொன்ன மாதிரி இருக்கு.”

டாக்டர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஆங்கிலத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “ரெண்டும் எவ்வளவு அழகா ஒண்ணு போல இருக்கு பாருங்கம்மா” என்றார். மேனேஜர் பக்கத்திலேயே நின்று, “வருஷத்துக்குத் தேவையானது அடிச்சாச்சுங்க மேடம்” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

வராந்தா கோரஸ் நின்றது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது. வீட்டுக்குப் போகிறவரிடம் சிஸ்டர், “படிக்கத் தெரியுமா?” என்று கேட்பார். தெரியாது என்றால் பக்கத்தில் உட்கார வைத்துப் பழையபடி வாயால் சொல்லுவார். தெரியும் என்றால் தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவார். இது சிஸ்டர் கண்டுபிடித்ததில்லை, மேலிருந்து வந்த உத்தரவு.

சிந்தாமணி அக்கா கீரமங்கலத்துக்காரர். எங்கள் கண் முகாம் வேனில் வந்தவர். அங்கே தோட்டங்களில் பூப் பறிக்கிற வேலை. மல்லிகையும் முல்லையும் பறித்து, கமிஷன் கடையில் போடுகிறவர்கள். எட்டாவது வரை படித்திருந்தார். முதல் நாள் என் அறையில் அட்டையைக் கையில் வாங்கியவர், பெரிய பத்தியை மேடையில் பேசுகிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே, “அந்த ஆளு பொண்டாட்டி வீட்டுல என்ன சொல்லியிருப்பா பாவம்” என்றார். பூப் பறித்து முடித்துச் சரம் தொடுக்க உட்காரும்போது, வாரப் பத்திரிகையை இவர்தான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவாராம். “கண்ணு மங்கினதுல தொடர்கதை பாதியில நிக்குதுங்க. அவளுக எல்லாம் என்னைய அரிச்சு எடுக்குறாளுக. சீக்கிரம் சரி பண்ணி விடுங்க” என்றார். கூடவே அஞ்சலை என்று ஒரு பெண்ணும் வந்திருந்தார். அதே தெரு, அதே தோட்டம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வலது கண்ணில் ஆபரேஷன். இரண்டுமே டாக்டர் ‘அழகு’ என்று சொல்லும்படி அமைந்தன. வீட்டுக்குப் போகிறபோது சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அஞ்சலை தெரியாது என்றார். சிந்தாமணி அக்கா, “எனக்கா? நல்லாத் தெரியுமே!” என்றார். தாளை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் என் அறை வாசலிலிருந்து பார்த்தேன்.

ஒரு வாரம் போவதற்குள், மகன் முருகேசன் அவரைக் காரில் போட்டுக் கூட்டி வந்தார். வலது கண் தக்காளி மாதிரி சிவந்து, இமை வீங்கி மூடிக் கிடந்தது. வலியில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் இமையைத் திறந்து பார்த்தார். உள்ளே சீழ். அவர் முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன். “கண்ணுக்கு என்ன பண்ணீங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நான் ஒண்ணும் பண்ணலைங்க டாக்டர். தாள்ல போட்டிருந்தபடி மருந்து விட்டேன், கறுப்புக் கண்ணாடி போட்டேன், ரெண்டு நேரமும் கண்ணைக் கழுவினேன். பச்சைத் தண்ணி கூட இல்லைங்க. கொதிக்க வச்சு, ஆற வச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டித்தான் கழுவினேன்.”

கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி. எவ்வளவு அக்கறை! எத்தனை ஒழுங்காக உத்தரவை நிறைவேற்றியிருக்கிறார்! பளு தூக்குதல் என்றும் போட்டிருந்ததே என்று பிறகு கேட்டேன். “அது கூடாதுன்னு எனக்கே தெரியும்ங்க, அதுக்குக் கீழ கூடாதுன்னு போட்டிருப்பாகன்னு நெனச்சேன். கழுவுறது நல்ல காரியம்தானே, அதையும் செய்யச் சொல்லியிருக்காகன்னு எடுத்துக்கிட்டேன்” என்றார். அவர் படித்ததில் எந்தப் பிழையும் இல்லை. எங்கள் தாளில் படிக்கக் கூடியதாக இருந்த அத்தனையையும் அவர் படித்திருந்தார்.

மதுரைக்கு அனுப்பினோம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். கண்ணை எடுக்காமல் காப்பாற்றினார்கள், பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வந்த பிறகு நான்தான் சோதித்தேன். பலகையில் முதல் எழுத்து தெரியவில்லை. பக்கத்தில் போய் விரலைக் காட்டினேன், எண்ண முடியவில்லை. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால், ஏதோ நிழல் அசைகிறது என்றார். அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

தண்ணீர்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் பிடிக்க வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மருத்துவமனையே அப்படித்தான் முடிவு கட்டியது. சிந்தாமணி அக்காவின் கேஸ் ஷீட்டில், ‘கொடுக்கப்பட்ட அறிவுரைக்கு மாறாக நோயாளி கண்ணைத் தண்ணீரால் கழுவியுள்ளார்’ என்று ஒரு வரி ஏறியது. அதைப் பார்த்ததும் டாக்டர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று ஞாபகமில்லை.

“சார், இந்த வரியை அடிக்கணும் சார். அவங்க அறிவுரைப்படிதான் கழுவியிருக்காங்க.”

“உட்காருங்கம்மா. படிக்கத் தெரியும்னு அவங்க சொன்னாங்களா, இல்லையா?”

“சொன்னாங்க சார்.”

“தாள்ல ‘கூடாது’ன்னு இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.”

“அப்பறம்?”

அந்த ‘அப்பறம்’ இன்னும் என் காதில் இருக்கிறது. நான் விடவில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்த மூன்று பேரிடம் அதே தாளைக் காட்டி, என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன். மூன்று பேருமே கண்ணைக் கழுவச் சொல்லியிருக்கிறது என்றார்கள். அதில் ஒருவர் ரிட்டயர்ட் வாத்தியார். அதையும் சொன்னேன். டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “பொறுமையாப் படிச்சா எல்லாம் தெளிவாத்தான் இருக்கு. நம்ம ஜனங்க முழுசாப் படிக்கிறதில்லை. அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?” என்றார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

அழகு கெடக் கூடாது என்பதற்காக ஒரு சொல்லைச் சிறிதாக்குவது. அது கண்ணில் படவில்லை என்றால், படிக்கிறவர் மேல் பழியைப் போடுவது. இதற்குப் பெயர் படிப்பறிவா? நோயாளி முழுவதும் படிக்கவில்லையாம். முழுவதும் படிக்க முடிகிற மாதிரி நாம் எழுதினோமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சோற்றில் கல்லைப் போட்டுவிட்டு, உனக்கு மெல்லத் தெரியவில்லை என்பது போல இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் தடிமனான கறுப்பு மார்க்கர் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த கட்டைப் பிரித்து, ‘கண்ணைக் கழுவுதல்’ என்பதன் மேலேயே ‘கூடாது’ என்று அகலமாக எழுத ஆரம்பித்தேன். ‘தலைக்குக் குளித்தல்’ மேலும், ‘கண்ணைக் கசக்குதல்’ மேலும், செய்யக் கூடாத எல்லாவற்றின் மேலும். வார்டு சிஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானும் ஒரு மார்க்கரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சில வாரம் அப்படியே ஓடியது. பிறகு எனக்கு மெமோ வந்தது. மருத்துவமனை ஆவணத்தை அலங்கோலப்படுத்தினேனாம். விளக்கம் கேட்டிருந்தார்கள். ‘அலங்கோலமாக இருந்ததைப் படிக்கும்படி செய்தேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை. எழுதுவதையும் நான் நிறுத்தவில்லை.

அந்தத் தாள் கடைசியில் மாறியது. ஒரு கண் போனதால் மாறவில்லை. மருத்துவமனையின் சின்னத்தை மாற்றினார்கள், அதனால் எல்லாத் தாள்களையும் புதிதாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சந்தடியில் வார்டு சிஸ்டரும் நானும் புகுந்து, செய்ய வேண்டியதை ஒரு பக்கம், கூடாததை மறு பக்கம், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில், நகத்தளவு பெரிதாகப் போட வைத்தோம். சின்னத்தை மாற்றும் யோசனை யாருக்கும் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சிந்தாமணி அக்கா, அன்றைக்கு நான் சோதித்து அனுப்பியதற்கப்புறம் வரவே இல்லை. இடது கண்ணில் புரை முற்றிக்கொண்டு வந்தது. அதுவும் போனால் முழு இருட்டுதான். இரண்டு முறை போன் பண்ணியும் பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிக் கீரமங்கலம் போனேன்.

வீட்டு வாசலில் மல்லிகை மொட்டைக் குவித்து வைத்துக்கொண்டு, தடவித் தடவிச் சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்குப் போவதை நிறுத்தியாகிவிட்டது. முருகேசன் என்னைப் பார்த்ததும், “வாங்க மேடம், நீங்களே சொல்லுங்க. அஞ்சலை சின்னம்மா கண்ணு எப்படி இருக்கு! ஒண்ணும் தெரியாத அவக ஒழுங்கா இருந்துட்டாக. எங்கம்மாவுக்கு எட்டாப்புப் படிச்ச திமிரு. யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை” என்றார். மாமியாருக்கு இதைத் தினமும் கேட்டுப் பழகிவிட்டது என்று வாசற்படியில் நின்ற மருமகள் முகத்திலேயே தெரிந்தது.

“தம்பி, தப்பு உங்கம்மா மேல இல்லை” என்றேன். “எங்க மேல. அந்தத் தாளை எழுதினவங்க மேல. அதைச் சரின்னு சொன்னவங்க மேல. எங்க ஆஸ்பத்திரியில யாரும் இதை உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்.”

சிந்தாமணி அக்கா தொடுப்பதை நிறுத்தினார். “அப்ப நான் படிச்சது தப்பில்லையாங்க?”

“இல்லைக்கா.”

“மதுரையிலயும் கேட்டாக, இங்கிட்டும் கேட்டாக. எல்லாரும் ஏம்மா கழுவுனன்னுதான் கேட்டாக. நானும் எம்புத்தியைத்தான் நொந்துக்கிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாம இருந்திருந்தா எங் கண்ணு தப்பிச்சிருக்கும்லங்க?”

ஆமாம் என்பதுதான் உண்மை. ஒரு மனுஷிக்கு எழுத்து தெரிந்ததைத் தண்டனையாக்கிவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து, குவியலிலிருந்து மொட்டுகளை எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, இடது கண்ணுக்கு வாங்க, நான் கூடவே இருக்கிறேன் என்றேன். முருகேசன் பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பும்போது, “அம்மாவை நான் ரொம்பப் பேசிட்டேன் மேடம்” என்றார்.

அடுத்த மாதம் வந்தார்கள். அதே பெரிய டாக்டர்தான் செய்தார். வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிச் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்ததும், சிந்தாமணி அக்கா என்னைப் பார்த்து, “ஏங்க, நீங்க இவ்வளவு கறுப்பா?” என்றார். வார்டே சிரித்தது.

சிஸ்டர் புதுத் தாளைக் கொண்டுவந்து, இந்த முறை எந்தக் கேள்வியும் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாயால் சொன்னார். சொல்லி முடித்துத் தாளைக் கையில் கொடுத்தார். சிந்தாமணி அக்கா அதை வாங்கி, விரலை முதல் வரியின் தொடக்கத்தில் வைக்கவில்லை. வரியின் கடைசியில் வைத்தார். “கூடாது” என்று படித்தார். பிறகு விரலைப் பின்னால் நகர்த்தி, “கழுவக்” என்றார். அப்புறம், “கண்ணைக்” என்றார். மூன்றையும் சேர்த்து ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வரியின் வாலுக்குப் போனார். மங்கலான இடது கண்ணில் தெரிந்த வரைக்கும், இப்போதெல்லாம் எதையும் இப்படித்தான் படிக்கிறார் என்று முருகேசன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்ட் போர்டு, மருந்து அட்டை, கல்யாணப் பத்திரிகை, எல்லாமே வாலிலிருந்துதானாம். தொடர்கதையை விட்டுவிட்டாராம், அப்படிப் படித்தால் கதை ஓடுமா? ஏற்ற இறக்கத்தோடு வாசித்த அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். ஒரு கண் மட்டும்தான் போயிற்று என்று கேஸ் ஷீட் சொல்கிறது.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் அடித்து இடது கண்ணைப் பார்த்தார். திருப்தியாகத் தலையை ஆட்டினார். பிறகு அந்த மெதுவான, மரியாதையான குரலில், “பரவாயில்லையே, இப்ப ரொம்பக் கவனமாப் படிக்கிறீங்களே” என்றார்.

சிந்தாமணி அக்கா தாளிலிருந்து விரலை எடுக்காமல் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“முன்னாடியும் கவனமாத்தாங்க டாக்டர் படிச்சேன்.”